ஒரே பிரதி பிரதியல்ல: வீட்டுக் கணினிக்கு ஓர் எளிய பாதுகாப்பு

மனித வாழ்வில் ஏற்படும் இழப்புகள் இருவகைப்பட்டவை. இடிந்த வீட்டை மீண்டும் கட்டலாம். களவுபோன நகையை உழைத்து மீண்டும் செய்விக்கலாம். ஆனால் எரிந்துபோன கையெழுத்துப் பிரதியையோ, தொலைந்துபோன தாயின் ஒரேயொரு புகைப்படத்தையோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க முடியாது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் விளக்கிக் கூறத் தேவையில்லை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ். பொது நூலகத்தில் இருந்த சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது. அக்கொடுமையின் அரசியலை நாம் இங்கு ஆராய முற்படவில்லை. அந்நெருப்பு விட்டுச் சென்ற ஓர் எளிய பாடத்தையே நினைவூட்ட விரும்புகின்றோம். யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடியொன்றும் அத்தீயில் அழிந்ததாகக் கூறப்படுவதுண்டு. ஆயினும் அந்நூல் அழியவில்லை. 1879ஆம் ஆண்டிலேயே சி. பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். தமிழிலும் அது அச்சேறிப் பலரது கைகளுக்குச் சென்றிருந்தது. வேறிடத்தில் பிரதி இருந்தவை பிழைத்துக்கொண்டன. அந்த ஒரு கட்டடத்தில் மாத்திரம் இருந்தவை என்றென்றைக்குமாக மறைந்தன.

இன்னுமொரு திகதியும் எமது நினைவுக்கு வருகின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் தமது மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவ நடவடிக்கையின் காரணமாக வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். இவ்விரு துயரங்களையும் ஒப்பிட்டு அளப்பது எமது நோக்கமன்று. இரண்டிலும் மக்கள் விட்டுச் சென்ற பொருட்களுள் காணி உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், கல்விச் சான்றிதழ்களும், குடும்பப் புகைப்படங்களும் இருந்தன. மீளக் குடியேற வந்தபோது பலர், 'இது எங்கள் வீடுதான்' என்பதற்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இன்றித் தவித்தனர்.

இவற்றை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இத்தனை பட்டறிவும் பெற்ற எமது சமூகம், அதே தவறை இப்போது வேறொரு வடிவத்தில் செய்துகொண்டிருக்கின்றது. அன்று அலுமாரியில் இருந்தவை இன்று கணினிக்குள் இருக்கின்றன. அன்றும் ஒரே பிரதி. இன்றும் ஒரே பிரதி.

வீட்டுக்குள் ஒரு சுவடிச்சாலை

ஒரு சராசரி வீட்டுக் கணினியினுள் என்ன இருக்கின்றது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். பிள்ளையின் பிறந்தநாள், மகளின் திருமணம், பேரனின் ஏடு தொடக்கல், ஹஜ் கடமைக்குச் சென்ற தந்தையை வழியனுப்பிய நாள் எனப் பத்து, பதினைந்து ஆண்டுகாலப் புகைப்படங்கள் இருக்கும். உறுதியையும் அடையாள அட்டையையும் ஸ்கான் செய்து வைத்த கோப்புகள் இருக்கும். பல்கலைக்கழக மாணவரின் ஆய்வுக் கட்டுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிவரும் ஊர் வரலாறு, சிறு வியாபாரியின் கணக்குகள் ஆகியனவும் அங்கேயே இருக்கும்.

காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பொறுத்தவரை விடயம் இன்னும் பாரதூரமானது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்த தாய்மார் ஏந்தி நின்றவை தம் பிள்ளைகளின் புகைப்படங்களே. அவ்வாறு நின்றவர்களுட் பலர் இன்று உயிருடன் இல்லை. அந்தப் புகைப்படங்களும், முறைப்பாடு செய்தமைக்கான பற்றுச்சீட்டுகளும், ஆணைக்குழுக்களுக்கு அனுப்பிய கடிதங்களும் ஒரு குடும்பத்தின் நினைவுச் சின்னங்கள் மாத்திரமல்ல. நாளை நீதி கேட்கும்போது சமர்ப்பிக்கவேண்டிய சான்றுகளும் ஆகும். அவை ஒரு பழைய கணினியிலோ, திரை உடைந்த ஒரு கைத்தொலைபேசியிலோ மாத்திரம் கிடக்க அனுமதிக்கலாமா?

எவற்றால் அழிகின்றன?

கணினிக்குள் இருப்பது பத்திரமாக இருக்கின்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறானது. கணினியில் எமது கோப்புகளைத் தாங்கி நிற்பது வன்தட்டு எனப்படும் ஹார்ட் டிஸ்க் ஆகும். பழைய வகை வன்தட்டில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவைகள் சுழல்கின்றது. அதன்மேல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் ஒரு முனை அசைந்து வாசிக்கின்றது. குளிரூட்டப்பட்டு நன்கு பராமரிக்கப்படும் பெரிய தரவு நிலையங்களிற்கூட ஆண்டொன்றுக்கு நூறு வன்தட்டுகளில் ஒன்றோ இரண்டோ பழுதடைகின்றன. எமது வீடுகளில் தூசியும், வெக்கையும், கடற்காற்றின் உப்பும், அடிக்கடி ஏறி இறங்கும் மின்னழுத்தமும் சேரும்போது நிலைமை எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. புதிய வகையான எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் சுழலும் பாகம் இல்லை. எனினும் அது பழுதடையும்போது பெரும்பாலும் முன்னறிவித்தல் எதுவுமின்றியே பழுதடைகின்றது.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து இடி மின்னல் இன்னொரு பகை. எமது வீட்டிலேயே சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கார்த்திகை மாத மாலைப்பொழுதில் விழுந்த இடியோடு கணினி அணைந்தது. பின்னர் அது இயங்கவில்லை. திருத்துநரிடம் கொடுத்தோம். வன்தட்டைத் திருப்பித் தந்து கையை விரித்துவிட்டார். அதிலிருந்த பத்து ஆண்டுப் புகைப்படங்களுள் இன்று எம்மிடம் எஞ்சியிருப்பவை, கனடாவில் வாழும் சகோதரிக்கு மின்னஞ்சலில் அனுப்பியவை மாத்திரமே. அவற்றை நாம் பாதுகாப்புக் கருதி அனுப்பவில்லை; பாசத்தால் அனுப்பினோம். பாசம் செய்த காரியத்தைப் புத்தி செய்யத் தவறியிருந்தது.

2008ஆம் ஆண்டு நிஷா சூறாவளியின்போது குடாநாட்டு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. உயிரைக் காக்க ஓடும் வேளையில் கணினிப் பெட்டியைத் தூக்கிச் செல்பவர் எவருமில்லை. தூக்கிச் செல்லவும் கூடாது. களவு, கைதவறி அழித்தல், பிள்ளைகளின் விளையாட்டு ஆகியவற்றையும் இப்பட்டியலிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவை யாவற்றிலும் கொடியது கப்பம் கேட்கும் வைரஸ் ஆகும். இது கணினிக்குள் புகுந்து கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கின்றது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 'வன்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. இது எங்கோ நடப்பது என்று நாம் அலட்சியமாக இருந்துவிட முடியாது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேமிப்பகமே இவ்வாறு தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. காப்புப் பிரதி எடுக்கப்பட்டிருந்தும் ஏன் இழந்தார்கள்? அப்பிரதிகளும் அதே வலையமைப்போடு இணைந்திருந்தமையால் மூலத்தோடு சேர்த்து அவையும் பூட்டப்பட்டுவிட்டன. வலையமைப்புக்கு வெளியே, தனியாக வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவின் கதையும் இதுவே. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீ பரவியது. அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி டிரைவ்' முற்றாக அழிந்தது. அங்கிருந்தது 858 தெராபைட் தரவு. அளவு மிகப்பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளிப் பிரதியே எடுக்கப்பட்டிருக்கவில்லை. செல்வமும் அறிவும் நிறைந்த ஓர் அரசு இழைத்த தவறை ஒரு சாதாரண குடும்பத்தினால் தவிர்த்துக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் செய்தியாகும்.

முன்னோர் அறிந்திருந்த முறை

காப்புப் பிரதி, அதாவது பேக்-அப், என்பது கணினியோடு வந்த புதுமை அல்ல. பனையோலைச் சுவடியைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும் என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகையினாலேயே ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்தது. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் இறந்தன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அழியும் தறுவாயில் இருந்த சுவடிகளைத் தேடியலைந்து பதிப்பித்தார். கலித்தொகை 1887ஆம் ஆண்டு அவரால் அச்சு வாகனம் ஏறியது. ஏட்டிலிருந்து தாளுக்கு மாறிய பின்னரே அந்நூல்கள் தீக்கும் செல்லுக்கும் தப்பின.

இஸ்லாமிய வரலாற்றிலும் இதே அக்கறையைக் காண்கின்றோம். புனித குர்ஆன் மனனம் செய்தோரின் உள்ளங்களிலும் எழுத்திலும் ஏககாலத்தில் பேணப்பட்டது. யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் உயிர்நீத்ததை அடுத்து, கலீபா அபூபக்கர் (ரழி) காலத்தில் அது எழுத்தில் ஒன்றுதிரட்டப்பட்டது. கலீபா உஸ்மான் (ரழி) காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டன. ஓரிடத்தில் மாத்திரம் வைத்திருப்பது போதாது என்ற தெளிவு அன்றே இருந்தது.

இன்றும் எமது கண்முன்னே இம்முறை நடைமுறையில் உள்ளது. காணி உறுதியொன்று நிறைவேற்றப்படும்போது மூல உறுதி உரிமையாளரிடம் கையளிக்கப்படுகின்றது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கின்றது. மற்றொரு பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்கின்றது. வீட்டில் இருந்த உறுதி எரிந்தபோதும், அதன் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருந்தவர்கள் பதிவகத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கேட்டு விண்ணப்பிக்க முடிந்தமை இதனாலேயே. மூன்று பிரதிகள், மூன்று கைகள், மூன்று இடங்கள். கணினித் துறையினர் 'மூன்று - இரண்டு - ஒன்று' என அழைக்கும் விதியும் ஏறத்தாழ இதுவே. மூன்று பிரதிகள் இருக்கவேண்டும்; அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்கவேண்டும்; ஒன்றாயினும் வேறிடத்தில் இருக்கவேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீட்டர் குறோ இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பிரபலப்படுத்திய இவ்விதியை எமது நொத்தாரிசுமார் வெகுகாலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர் எனலாம்.

எதனைத் தெரிவு செய்வது?

சந்தையில் வழிகள் பல உள்ளன. அவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எதனை எமது வீட்டில் உள்ளவர்கள் தவறாமல் செய்வார்கள் என்று கேட்பதே பொருத்தமானது. மிகச் சிறந்த மென்பொருளை வாங்கி இரண்டு மாதங்களில் கைவிடுவதிலும், சாதாரணமான ஒரு முறையைப் பத்து வருடங்கள் கைக்கொள்வது மேலானது.

இறுவட்டு ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியிருந்த சாதனம். இன்று அதனை வாசிக்கும் கருவியே புதிய கணினிகளில் இல்லை. வீட்டில் பதிவுசெய்யும் இறுவட்டுகளின் சாயப்படலம் காலப்போக்கில் கெட்டுப்போகின்றது. எமது காலநிலையில் பூஞ்சணமும் பிடிக்கின்றது. திருமண இறுவட்டுகளை அலுமாரியில் வைத்திருப்போர் அவற்றை இப்போதே வேறொன்றுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

பென் டிரைவ் கொண்டு செல்வதற்கு உகந்தது; சேமித்து வைப்பதற்கு உகந்ததன்று. எளிதில் தொலையும். இணையக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் சென்றுவரும்போது வைரஸையும் கூட்டிவரும்.

கிளவுட் எனப்படும் இணையச் சேமிப்பகத்தின் பெரும் பலம், எமது வீட்டுக்கு என்ன நேர்ந்தாலும் அங்குள்ளவை பாதிக்கப்படாமையாகும். ஆயினும் அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். கூகுள் இலவசமாக வழங்குவது 15 ஜிகாபைட். புகைப்படம் ஒன்று 4 மெகாபைட் எனக் கொண்டால் சுமார் 3,750 படங்களுடன் அது நிரம்பிவிடும். அதே இடத்தைத்தான் மின்னஞ்சலும், அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் பங்கிட்டுக்கொள்கின்றன. அளவின்றிப் புகைப்படங்களை இலவசமாகச் சேமிக்கும் சலுகை 2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் நடைமுறையும் 2023ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் வந்துள்ளது. இறந்துபோன தந்தையின் கணக்கில் இருக்கும் படங்கள் அங்கேயே இருக்கட்டும் என விட்டுவைத்திருப்போர் இதனைக் கவனத்திற் கொள்ளவேண்டும். வேகமும் ஒரு தடையாகும். வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 100 ஜிகாபைட்டை அனுப்பி முடிக்க இரவு பகலாக நான்கரை நாட்களுக்கு மேல் செல்லும்.

இன்னுமொரு தவறான நம்பிக்கையைக் களைவது அவசியமாகும். கணினியிலுள்ள ஒரு கோப்புறையை இணையச் சேமிப்பகத்தோடு இணைத்து வைப்பது உண்மையான காப்புப் பிரதி ஆகாது. இங்கே அழித்தால் அங்கும் அழியும். அழித்தவை 30 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதன் பின்னர் மீட்க முடியாது. வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பிவிட்டோம் என்பதும் போதாது. வழமையான முறையில் அனுப்பும்போது படத்தின் தரம் குறைக்கப்படுகின்றது.

எஞ்சியிருப்பது வெளியிணைப்பு வன்தட்டு. கடைகளில் எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் எனக் கேட்டால் தருவார்கள். 1 தெராபைட் கொள்ளளவுடைய ஒன்றில் இரண்டரை இலட்சம் புகைப்படங்கள் வரை அடங்கும். ஒருமுறை வாங்கினால் மாதக் கட்டணம் இல்லை. இணைய இணைப்பும் வேண்டியதில்லை. ஒரு கோப்புறையைப் பிரதி செய்து ஒட்டத் தெரிந்த எவரும் இதனைப் பயன்படுத்தலாம்.

ஆகவே சாதாரண குடும்பமொன்றுக்கு நாம் பரிந்துரைப்பது இதுதான். இரண்டு வெளியிணைப்பு வன்தட்டுகளை வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றையது வேறூரில் இருக்கும் நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில், வவுனியாவிலோ புத்தளத்திலோ கொழும்பிலோ, இருக்கட்டும். போக்குவரத்தின்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வாங்க வசதியில்லாதோர் ஒன்றை வாங்கி, மிக முக்கியமான சில நூறு கோப்புகளை மாத்திரம் இலவச இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி வைக்கலாம். உறுதி, சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள், மறைந்தவர்களினதும் காணாமற்போனவர்களினதும் படங்கள் ஆகியவற்றுக்கு 15 ஜிகாபைட் தாராளமாகப் போதும்.

போயா தின வழக்கம்

கருவியை வாங்குவது எளிது, வழக்கமாக்குவதே கடினம். இதற்கு எமது நாட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மாதந்தோறும் பௌர்ணமி தினமாகிய போயா நாள் அரச விடுமுறையாகும். அன்று பிள்ளைகளும் பெரியவர்களும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாளையே பிரதியெடுக்கும் நாளாக வைத்துக்கொண்டால் மறப்பதற்கு இடமிராது. பொறுப்பை வீட்டிலுள்ள பாடசாலை மாணவரிடம் ஒப்படைக்கலாம்.

செய்யவேண்டியது இவ்வளவே. முதலில் வீட்டிலுள்ள தொலைபேசிகளின் படங்களைக் கணினிக்கு மாற்றவேண்டும். வன்தட்டை இணைத்து, அன்றைய ஆண்டையும் மாதத்தையும் பெயராகக் கொண்ட புதிய கோப்புறையொன்றைத் திறக்கவேண்டும். ஆவணங்களும் படங்களும் உள்ள கோப்புறைகளை முழுமையாக அதனுள் பிரதி செய்யவேண்டும். பழைய மாதப் பிரதியின்மேல் புதியதைப் பதியக்கூடாது. கோப்பொன்று பழுதடைந்ததை நாம் அறியாதிருந்தால் பழுதடைந்ததே நல்லதன்மேல் பதிந்துவிடும். வன்தட்டு நிரம்பும்போது இடையிலுள்ள மாதங்களின் பிரதிகளை அகற்றலாம். விண்டோஸ் கணினியில் 'பைல் ஹிஸ்ரி' என்ற வசதியும், அப்பிள் கணினியில் 2007ஆம் ஆண்டு முதல் 'டைம் மெஷின்' என்ற வசதியும் இவ்வேலையைத் தாமாகவே செய்யக்கூடியவை. பழகியவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம்.

பிரதி முடிந்ததும் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். இது மிக முக்கியமானதாகும். இணைந்தே இருக்கும் வன்தட்டை மின்னலும் தாக்கும். கப்பம் கேட்கும் வைரஸும் பூட்டும். அரசாங்கத்தின் கிளவுட் சேமிப்பகத்துக்கு நேர்ந்தது எமது மேசையிலும் நேரும். கழற்றிய வன்தட்டைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியொன்றோடு, நிலத்திலிருந்து உயரமான இடத்தில் வைப்பது நல்லது.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பிரதியைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்து, ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பார்த்தாற் போதுமானது. திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணம் போன்றது.

எம்மவர்க்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கு குறிப்பிடவேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் இங்கு தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கோப்பு இருந்தும் வாசிக்க முடியாத நிலை அது. அத்தகைய ஆவணங்களை வைத்திருப்போர் எழுத்துருக் கோப்பையும் அவற்றோடு சேர்த்துச் சேமிக்கவேண்டும். முடிந்தால் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்வதும், பீ.டி.எப். வடிவில் ஒரு பிரதி வைப்பதும் நல்லது.

இறுதியாகக் கடவுச்சொல். வன்தட்டையும் இணையக் கணக்கையும் பூட்டி வைப்பது விரும்பத்தக்கதே. ஆனால் திறப்பு ஒருவரின் மனதில் மாத்திரம் இருக்குமாயின் அவரோடு யாவும் போய்விடும். ஒரு கொப்பியில் எழுதி, உறுதிகள் இருக்கும் இடத்தில் வைத்து, வீட்டில் மற்றுமொருவருக்காவது அதனைத் தெரிவித்துவிட வேண்டும்.

ஊரின் கடமை

வீட்டுக்குப் பொருந்துவது பொது நிறுவனங்களுக்கும் பொருந்தும். பாடசாலைகளின் அனுமதிப் பதிவேடுகள், ஆலயங்களினதும் பள்ளிவாசல்களினதும் தேவாலயங்களினதும் திருமணப் பதிவுகள், சனசமூக நிலையங்களின் கூட்ட அறிக்கைகள், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் யாவும் இன்று ஒரு கணினியிலோ ஒரு அலுமாரியிலோ இருக்கின்றன. நிர்வாக சபைகள் தமது அடுத்த கூட்டத்திலேயே இதனை ஒரு நிகழ்ச்சி நிரலாக எடுத்துக்கொள்ளலாம். இளைஞர் கழகங்கள் ஒரு நாளை ஒதுக்கி, கணினி இல்லாத முதியவர்களின் உறுதிகளையும் படங்களையும் ஸ்கான் செய்து கொடுக்கலாம். காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இச்சேவையை முதலில் வழங்குவது எமது சமூகம் ஆற்றக்கூடிய சிறு கடமையாகும்.

இவ்விடயத்தில் நம்பிக்கை தரும் முன்மாதிரி ஒன்றும் எம்மிடையே உள்ளது. 2005ஆம் ஆண்டு தன்னார்வலர்களால் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து இணையத்தில் வைத்துவருகின்றது. இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் மலையக மக்களும் எழுதியவை அங்கே ஒரே கூரையின் கீழ் உள்ளன. எவரும் அவற்றைத் தரவிறக்கிக்கொள்ள முடிவதால், உலகெங்கும் உள்ள வாசகர்களின் கணினிகளிலும் அவற்றின் பிரதிகள் பரவியிருக்கின்றன. 1981இல் ஒரு கட்டடத்தை எரித்து ஒரு நூலகத்தை அழிக்க முடிந்தது. இன்று அந்நூல்களை அவ்வாறு அழிக்க எந்தத் தீயாலும் முடியாது. யாழ். நூலகத் தீக்கு எமது தலைமுறை அளித்த மிகப் பொருத்தமான பதில் இதுவே என நாம் கருதுகின்றோம்.

அப்பதிலை ஒவ்வொரு வீடும் தன்னளவில் அளிக்கமுடியும். அதற்குப் பெரும் பணமோ பெரும் அறிவோ தேவையில்லை. ஒரு சிறிய வன்தட்டு, வேறூரில் ஓர் உறவு, மாதத்தில் ஒரு மணித்தியாலம் ஆகியன போதும். வருகின்ற போயா தினத்தன்று வாசகர்கள் தமது கணினியின் முன்னமர்ந்து ஒரேயொரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பார்களாக: இப்பெட்டி நாளை இயங்க மறுத்தால், எமது குடும்பம் எதனை என்றென்றைக்குமாக இழக்கும்? அக்கேள்விக்கு மனதில் தோன்றும் முதலாவது படத்தை, முதலாவது கடிதத்தை, அன்றே பிரதி செய்துவிட வேண்டும். ஏனையவற்றை அடுத்த போயாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.